நீங்களே அனுப்பிய காசு எங்கே போகிறது? இணைய மோசடியும் இரவல் கணக்குகளும்

இணையத்தில் ஏமாந்து காசை இழந்தவர் வங்கிக்குப் போனாலும் பொலிசுக்குப் போனாலும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "நீங்கள்தானே அனுப்பினீர்கள்?" கேட்பவருக்கு அது நடைமுறைக் கேள்வி. கேட்கப்படுபவருக்கோ குற்றச்சாட்டு மாதிரி விழுகிறது. இன்னொரு பக்கம், யாரையும் ஏமாற்றியதாகத் தெரியாத இளைஞர்கள் "கணக்கில் மோசடிக் காசு வந்தது" என்பதற்காகக் கைதாகும் செய்திகள் வருகின்றன. ஏமாற்றியவன் எங்கேயோ இருக்க, கணக்கு வைத்திருந்தவர் ஏன் உள்ளே போகிறார்?

இரண்டுக்குமான விளக்கம் காசு நகரும் பாதையில் இருக்கிறது. மோசடிச் செய்திகளின் வடிவம் அடிக்கடி மாறுகிறது. இன்று பார்சல், நாளை வேலைவாய்ப்பு, மறுநாள் மருமகனின் அவசரம். காசு போகும் வழி மட்டும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே இங்கே தூண்டிலை விட அந்த வழியைத்தான் கூடுதலாகப் பார்க்கிறோம்.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியவை

எல்லாவற்றையும் "ஒன்லைன் மோசடி" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். சட்டமும் வங்கியும் அப்படிப் பார்ப்பதில்லை.

1. உங்களுக்குத் தெரியாமல் போன காசு. அட்டையைப் பிரதி எடுத்து ஏ.ரி.எம்.மில் எடுப்பது, அட்டை விபரங்களைத் திருடி வெளிநாட்டுத் தளத்தில் பொருள் வாங்குவது இந்த வகை. 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டமும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் இதற்கு நேரடியாகப் பொருந்தும். உடனே அறிவித்தால் திரும்பக் கிடைக்க ஓரளவு வாய்ப்புள்ள வகை இதுதான்.

2. பொய்யை நம்பி நீங்களே அனுப்பிய காசு. சட்டப்படி இது ஏமாற்றுதல்; தண்டனைச் சட்டக்கோவைக்குள் வரும் பழைய குற்றம். ஆனால் வங்கியின் பதிவில் இது சரியான கடவுச்சொல்லோடு, சரியான ஓ.ரி.பி.யோடு (கைபேசிக்கு வரும் ஒருமுறை இரகசிய இலக்கம்), கணக்குக்காரரே செய்த சாதாரணக் கொடுக்கல்வாங்கல்.

3. இலாபம் வரும் என்று போட்ட காசு. ஆள் சேர்த்து ஓடும் பிரமிட் திட்டங்கள், கிரிப்டோ ஆப்கள், "பங்குச் சந்தைக் குழுக்கள்". இழந்தவருக்கே பல மாதம் வரை இழந்தது தெரியாது.

ஓ.ரி.பி.யைச் சொல்லிக் கொடுத்ததால் போன காசு முதல் இரண்டுக்கும் நடுவில் கிடந்து இழுபடுகிறது. அனுப்பியது நீங்கள் அல்ல. ஆனால் கதவைத் திறந்தது நீங்கள் என்பதே வங்கிகளின் வழக்கமான வாதம். கணக்கு திறக்கும்போது கையெழுத்திட்ட நிபந்தனைகளில் இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லக்கூடாது என்று இருக்கும். யாரும் வாசிக்காத அந்தத் தாளை வைத்துத்தான் பெரும்பாலான முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதப்படுகிறது. இது நியாயமா என்பது விவாதத்துக்குரியது. என் பார்வையில், மாதம் முழுக்க ஐயாயிரம், பத்தாயிரம் என்று நகரும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து ஒரே இரவில் நாலு இலட்சம் புதிய கணக்கொன்றுக்குப் போகும்போது, ஒரு தரம் அழைத்துக் கேட்கிற பொறுப்பு வங்கிக்கும் இருக்க வேண்டும்.

சில செக்கன்களில் நடப்பது

முன்பு ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு போக மணிக்கணக்கும் ஆகும், நாட்கணக்கும் ஆகும். ஸ்லிப்ஸ் எனப்படும் முறையில் கட்டளைகள் தொகுப்பாகச் சேர்த்தே அனுப்பப்படும். 2015இல் செஃப்ட்ஸ் வந்தது. இன்று கைபேசி ஆப்பில் நாம் செய்யும் "உடனடிப் பரிமாற்றம்" பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது. வங்கிகளை இணைக்கும் லங்காபே நிறுவனம் நடத்தும் இந்த அமைப்பு 24 மணிநேரமும் இயங்கும். ஞாயிறு, போயா என்று ஓய்வில்லை. காசு சில செக்கன்களில் மறுபக்கம் சேர்ந்துவிடும். சேர்ந்தபின் அனுப்பியவர் தன்விருப்பில் திருப்பி எடுக்க முடியாது.

மருத்துவச் செலவுக்குக் காசு வேண்டிய ஒருவருக்கு இது பெரிய வசதி. அதே வசதியில் மோசடிக்கு உதவும் இரண்டு குணங்கள் இருக்கின்றன.

ஒன்று, இடைவெளி இல்லாமை. சனிக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியிலோ சுன்னாகத்திலோ கிளைகள் பூட்டியிருக்கும், செஃப்ட்ஸ் பூட்டியிருக்காது. அனுப்பியவர் திங்கட்கிழமை காலை கிளைக்குப் போய் நிற்கும்போது காசு மூன்று கணக்கு தாண்டியிருக்கும்.

மற்றது, அமைப்புக்கு முக்கியம் கணக்கு இலக்கம்தான். நீங்கள் பெறுநர் பெயர் என்ற இடத்தில் எதைத் தட்டினாலும், அந்தப் பெயரை நம்பிக் காசு நகர்வதில்லை. "இன்னார் நிறுவனம், தனியார் கம்பனி" என்று எழுதி அனுப்பிவிட்டு, கம்பனிக்குத்தான் அனுப்பினேன் என்று சாதிப்பவர்கள் உண்டு. காசு போய்ச் சேர்ந்தது யாரோ ஒரு தனியாளின் சேமிப்புக் கணக்கு.

அந்தக் கணக்கு யாருடையது?

மோசடிக்காரனுக்கு இலங்கைக்குள் ஒரு வங்கிக் கணக்கு கட்டாயம் வேண்டும். அவன் மியன்மாரில் மியாவடிப் பக்கமுள்ள முகாமொன்றில் இருக்கலாம். அங்கே வேலை என்று கூட்டிச் செல்லப்பட்டு அகப்பட்ட இலங்கையர்களை மீட்ட செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். நீர்கொழும்பில் வாடகை வீட்டிலும் இருக்கலாம். 2024இல் இணைய மோசடிச் சந்தேகத்தில் இந்தியர்களும் சீனர்களுமாக நூற்றுக்கணக்கானோர் இலங்கையில் கைதானார்கள். எங்கே இருந்தாலும், சாவகச்சேரியில் இருப்பவரின் ரூபா முதலில் விழ வேண்டியது அடையாள அட்டை காட்டித் திறந்த ஓர் உள்ளூர்க் கணக்கில். தன் பெயரில் அதைத் திறக்குமளவுக்கு அவன் முட்டாள் அல்ல. ஆகவே இரவல் வாங்குகிறான்.

இரவல் கொடுப்பவர்கள் மூன்று விதம்.

1. தெரிந்தே கொடுப்பவர். ஏ.ரி.எம். அட்டை, பின் இலக்கம், அந்தக் கணக்கோடு இணைத்த சிம் மூன்றையும் கையில் கொடுத்துவிட்டு மாதாமாதம் ஒரு தொகை வாங்குவார். கணக்கில் என்ன நடக்கிறது என்று அவர் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதற்குத்தான் அந்தக் காசு.

2. அரைகுறையாகத் தெரிந்தவர். "உங்கட கணக்குக்குக் கம்பனிக் காசு வரும். மூண்டு வீதத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நாங்கள் சொல்லுற கணக்குக்குப் போடுங்கோ" என்று ஒரு வேலை. பேருக்கு "கொடுப்பனவு முகவர்". பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும், உயர்தரம் முடித்துச் சும்மா இருக்கும் பிள்ளைகளும் எளிதாக விழுவது இதில்தான். ஒரு கம்பனிக்குத் தன் காசை வாங்க ஊர்ப் பெடியனின் சேமிப்புக் கணக்கு எதற்கு என்ற கேள்வி, முதல் மூன்று வீதம் வந்தவுடன் அடங்கிவிடும்.

3. தெரியாமலே மாட்டுபவர். இவரைப் பற்றிக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்; யாழ்ப்பாணத்தில் இவர்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம், குற்றத்திலிருந்து வந்த காசு என்று அறிந்தவரை மட்டும் பிடிப்பதில்லை. அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தவரையும் பிடிக்கிறது. 5 முதல் 20 ஆண்டு வரை கடூழியச் சிறை, காசின் மதிப்புக்குக் குறையாத தண்டம் என்று அது பேசுகிறது. "எனக்குத் தெரியாது" என்பது இரண்டாம் வகைக்காரருக்கு உதவாமல் போவது இதனால்தான். பாதிக்கப்பட்டவரின் முறைப்பாட்டில் இருக்கும் ஒரே உறுதியான தடயம் கணக்கு இலக்கம். அது காட்டும் முதல் ஆள் அந்தப் பிள்ளை. அவருக்குப் பின்னால் இருப்பது ஒரு டெலிகிராம் பெயர் மட்டும்.

அனுப்புகிறவர் பக்கமும் இதே தடயம் வேலை செய்யும். செய்தியில் இலட்சினை இருக்கலாம், கடிதத் தலைப்பு இருக்கலாம், செயற்கை நுண்ணறிவால் செய்த பிரபலத்தின் வீடியோ கூட இருக்கலாம். அவற்றைச் செய்யச் செலவில்லை. கணக்கின் பெயரை மட்டும் அவனால் விரும்பியபடி வைக்க முடியாது. யார் பேரில் கேட்கிறார்கள், யார் பேரில் கணக்குத் தருகிறார்கள் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் விளக்கம் கேட்கத் தேவையில்லை. விளக்கம் அவர்களிடம் எப்போதும் தயாராக இருக்கும்.

மருமகன் கேட்ட 85,000

இந்தப் பின்னணியோடு இரண்டு தூண்டில்களைக் கிட்ட நின்று பார்க்கலாம். முதலாவது வட்ஸ்அப். வரும் செய்தி இந்த மாதிரி இருக்கும்:

"மாமி, ஒரு அவசரம். என்ர வங்கி ஆப் வேலை செய்யுதில்லை. இந்தக் கணக்குக்கு ஒரு 85,000 போட்டுவிடுங்கோ. பின்னேரம் தாறன்."

அனுப்பியது மருமகனின் இலக்கம், அவன் படம், மேலே அவனோடு பேசிய பழைய உரையாடல். கீழே தரப்பட்ட கணக்கு வேறு மாவட்டக் கிளையொன்றில், முன்பின் கேள்விப்படாத பெயரில். "நண்பன்ர கணக்கு மாமி" என்று அதற்கும் பதில் வரும். எப்போதும் குரல்பதிவாகவே அனுப்பும் பிள்ளை திடீரென்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவது இன்னோர் அடையாளம்.

மருமகனுக்கு நடந்தது என்ன? வட்ஸ்அப்பைப் புதிய கைபேசியில் பதிய, அந்த இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கம் போதும். "தவறுதலா உங்களுக்கு ஒரு கோட் வந்திட்டுது, அனுப்பிவிடுறீங்களா?" என்று ஏற்கெனவே பறிபோன இன்னொரு நண்பனின் கணக்கிலிருந்து கேட்டிருப்பார்கள். நண்பன்தானே என்று அனுப்பியிருப்பான். சில வேளை "சூம் கூட்டத்துக்கான இலக்கம்", "பரிசுக்கான இலக்கம்" என்று பெயர் மாறும். ஒரு பழைய மாணவர் சங்கக் குழுவிலோ கோயில் பரிபாலன சபைக் குழுவிலோ ஒருவர் விழுந்தால், அந்தக் குழுவின் இலக்கங்கள் எல்லாம் அடுத்த வரிசை.

தடுப்பு மிக எளிது. பலர் செய்யாமல் இருப்பதுதான் வியப்பு. வட்ஸ்அப் அமைப்புகளில் "இரண்டு படிச் சரிபார்ப்பு" என்பதைத் திறந்து உங்களுக்கென ஓர் ஆறு இலக்கப் பின் வையுங்கள். அதன்பின் குறுஞ்செய்தி இலக்கம் பறிபோனாலும் கணக்கு எளிதில் போகாது. ஏற்கெனவே பறிபோனவர் தன் சிம் உள்ள கைபேசியில் வட்ஸ்அப்பைத் திரும்பப் பதிய வேண்டும். திருடன் தன் பின்னை வைத்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க நேரலாம். ஆனால் குறுஞ்செய்தி இலக்கத்தை நீங்கள் இட்டவுடனேயே அவன் வெளியே தள்ளப்படுவான். அந்த ஏழு நாளும் கணக்கு இருவருக்கும் இல்லை என்பதே ஒரு நிம்மதி.

காசு கேட்டு வரும் செய்திக்கு மாமி செய்ய வேண்டியது, மருமகனை வட்ஸ்அப் அல்லாத சாதாரண அழைப்பில் எடுப்பது. அவன் வெளிநாட்டில் என்றால் அவன் வீட்டில் வேறொருவரை எடுக்கலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை, உண்மையான மருமகன் கோபிக்கப் போவதில்லை.

450 ரூபா வேலை

இரண்டாவது, வீட்டிலிருந்து வேலை. ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போடுவது, யூடியூப் வீடியோவுக்கு விருப்பம் தெரிவிப்பது. அதன் வழக்கமான ஓட்டத்தைக் கணக்காகப் போட்டால் இப்படி இருக்கும் (தொகைகள் எடுத்துக்காட்டு):

1. முதல் நாள் மூன்று மதிப்பீட்டுக்கு 450 ரூபா உண்மையாகவே கணக்குக்கு வரும்.
2. அடுத்து "முற்பணப் பணி". 5,000 போட்டால் 6,500. அதுவும் வரும். 20,000 போட்டால் 26,000. அதுவும் வரும்.
3. பிறகு டெலிகிராமில் நாலைந்து பேரோடு ஒரு "கூட்டுப் பணி". 60,000. நடுவில் தவறு நேர்ந்துவிட்டது, திருத்த 145,000. குழுவில் உள்ள மற்றவர்கள் "உங்களால எங்கட காசும் நிக்குது" என்று நெருக்குவார்கள். அவர்கள் எல்லோரும் அவர்களுடைய ஆட்கள்.
4. தளத்தில் உங்கள் மீதி 380,000 என்று காட்டும். எடுக்கப் போனால் 20 வீத வரி: 76,000.

மோசடிக்காரன் செலவழித்தது 7,950. எடுத்தது 281,000. நாலாம் படியில் விழித்துக்கொள்ள ஓர் எளிய ஒப்பீடு இருக்கிறது: வங்கி வட்டிக்கு 2025 ஏப்ரலிலிருந்து 10 வீத நிறுத்திவைத்தல் வரி உண்டு, அதை வங்கியே கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தருகிறது. உங்கள் சொந்தக் காசை எடுக்க, முதலில் வெளியிலிருந்து வரி கட்டுங்கள், அதுவும் தனியாள் கணக்குக்கு என்று எந்த அரசும் கேட்பதில்லை.

ஆனால் கவனிக்காமல் விடுபடுவது முதல் இரண்டு படிகள். அந்த 450, 6,500, 26,000 எங்கிருந்து வந்தது? இரவல் கணக்கொன்றிலிருந்து, அதாவது உங்களைப் போல் மூன்றாம் படியில் நிற்கும் இன்னொருவரின் காசிலிருந்து. அவர் முறைப்பாடு செய்து, விசாரணையாளர் அந்தக் கணக்கின் கூற்றை எடுத்தால், காசு பெற்றவர் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும். ஏமாந்தவரும் சந்தேக நபரும் ஒரே ஆளாவது இப்படித்தான். "எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன், எனக்கு மேலே ஏறத் தெரியும்" என்று நினைப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

சுருக்கமாகச் சில

தபால் திணைக்களத்தின் பெயரில் "பார்சல் நிற்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்ற குறுஞ்செய்தியில் வரும் லிங்க், அட்டை விபரம் பறிப்பதற்கு. கட்டணம் 50 ரூபாவாக இருப்பது உங்களை யோசிக்க விடாமல் செய்யத்தான். அனுப்புநர் இடத்தில் பெயர் சரியாகத் தெரிந்தாலும் அதை நம்ப முடியாது. அந்தப் பெயரைப் போலியாக இடலாம், பழைய உண்மையான செய்திகளுக்குக் கீழேயே அது வந்து உட்காரும்.

வங்கியிலிருந்து என்று அழைத்து, கைபேசித் திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொன்னால் வைத்துவிடுங்கள். திரையைக் காட்டுவது ஓ.ரி.பி.யை வாசித்துக் காட்டுவதற்குச் சமம்.

கனடா, ஐரோப்பா வேலை என்று காசு கேட்பவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அனுமதி பெற்றவரா என்று 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம். அனுமதி பெற்ற முகவருக்கும் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்க வேண்டாம். பார்வையாளர் விசாவை "உறுதியாக எடுத்துத் தருகிறேன்" என்பவர் யாராக இருந்தாலும், அந்தத் தீர்மானம் அவர் கையில் இல்லை.

இலாபக் கணக்கைப் போட்டுப் பார்த்தல்

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அதையொட்டி நிலையான வைப்பு வட்டி 20 வீதத்துக்கு மேல் போனது. பின் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. வட்டியில் சீவித்த ஓய்வூதியர்களுக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசை வைப்பில் இட்டவர்களுக்கும் வருமானம் பாதிக்குக் கீழே போனது. அந்த இடைவெளிக்குள் புகுந்தவைதான் "நாளொன்றுக்கு 2 வீதம்" என்ற ஆப்கள்.

நாளுக்கு 2 வீதத்தை ஓராண்டு கூட்டுவட்டியாகப் போட்டால் 1 இலட்சம் ஏறத்தாழ 13.8 கோடி ஆகும். இது உண்மையானால் ஆப்காரனுக்கு உங்கள் ஒரு இலட்சம் எதற்கு? தன் காசையே ஒரு வருடம் போட்டு வைத்திருப்பானே.

ஆள் சேர்ப்பதில் ஓடும் திட்டத்தின் கணக்கு வேறு. ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்றால் எட்டாவது படியில் மொத்தம் 488,280 பேர். யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகையே ஏறத்தாழ 6 இலட்சம், குழந்தைகளும் சேர்த்து. ஒன்பதாவது படிக்கு இன்னும் 1,953,125 பேர் வேண்டும். கடைசிப் படியில் இருப்பவர்கள்தான் எப்போதும் பெரும்பான்மை என்பதால், திட்டம் நிற்கும்போது பெரும்பான்மையினர் இழந்தே தீருவார்கள். நிர்வாகி நல்லவரா கெட்டவரா என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை.

இதனால்தான் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டத்தை நடத்துவதோடு, அதை விளம்பரப்படுத்துவதையும் ஊக்குவிப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. சொந்தக்காரரைச் சேர்த்துவிட்ட ரீச்சரும் அந்தச் சொல்லுக்குள் வரக்கூடும். மத்திய வங்கி 2023இல் பெயர் குறிப்பிட்டு எச்சரித்தவற்றுள் எம்.ரி.எஃப்.ஈ. என்ற முதலீட்டு ஆப் ஒன்று. தன்னைக் கனடாவை மையமாகக் கொண்ட நிறுவனம் என்று சொல்லிக்கொண்டது. நம் ஊரில் அந்த ஒரு சொல்லுக்கு என்ன மரியாதை என்று தெரியும்தானே. அவ்வாண்டு ஓகஸ்டில் அது சரிந்தபோது, உறுப்பினர்களின் மீதி பூச்சியமாகக்கூட இல்லை. அவர்களே கடன்பட்டிருப்பதாக மறைப் பெறுமானத்தில் (கழித்தல் குறியோடு) காட்டியது.

வைப்பு ஏற்க உரிமை உள்ளவை மத்திய வங்கி அனுமதித்த வங்கிகளும் நிதிக் கம்பனிகளும். அவற்றின் பட்டியல் மத்திய வங்கித் தளத்தில் தமிழிலும் இருக்கிறது. அப்படியான நிறுவனம் விழுந்தாலும், ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 1,100,000 ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. கூட்டுறவுச் சங்கங்கள் வேறு சட்டத்தில் இயங்குபவை. அவை மோசடி அல்ல, ஆனால் இந்தக் காப்புறுதி அவற்றுக்கு இல்லை.

உண்டியல் காசில் வரும் வில்லங்கம்

கணக்கு இரவல் கொடுப்பவர்களில் முன்பு சொன்ன மூன்றாம் வகைக்கு, தெரியாமலே மாட்டுபவருக்கு, வருவோம். 2021 கடைசியில் வங்கி டொலருக்கு 203 ரூபா அளவில் கொடுக்க, வெளியே அதைவிட நிறையக் கிடைத்தது. உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசு மாற்றும் முறை, பெருத்தது. வங்கி வழியாக நாட்டுக்கு வந்த பணவனுப்பல் 2020இல் 710 கோடி டொலராக இருந்து, 2022இல் 380 கோடி அளவுக்கு விழுந்தது. அதன்பின் வங்கி வழி திரும்ப ஏறிவிட்டாலும் பழக்கம் விட்டுப்போகவில்லை.

உண்டியலில் ரொறன்ரோவில் கொடுத்த டொலர் இங்கே வருவதில்லை. அங்குள்ளவர் டொலரை வைத்துக்கொள்ள, இங்குள்ள கூட்டாளி தன்னிடமுள்ள ரூபாவைத் தருகிறார். முன்பு வீட்டு வாசலில் கையில் கொடுப்பார்கள். இப்போது கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அந்த ரூபா எங்கிருந்து வந்தது? ரூபாவைக் கையில் வைத்துக்கொண்டு அதை வெளிநாட்டுக்குக் கடத்த வழி தேடுபவர்கள் யார் என்று யோசித்தால் விடை வரும்: வரி ஏய்ப்பவர், போதைப்பொருள்காரர், இணைய மோசடிக்காரர். அண்ணா அனுப்பிய நாலு இலட்சம் என்று தங்கச்சி நினைப்பது, வேறு மாவட்டத்தில் யாரோ ஏமாந்த நாலு இலட்சமாக இருக்கலாம். அனுப்புநர் இடத்தில் அண்ணாவின் பெயர் இராது. தெரியாத ஒருவரின் பெயரோ, இரண்டு மூன்று பெயர்களில் துண்டு துண்டாகவோ இருக்கும். கிரிப்டோவை ஆளுக்காள் விற்று ரூபா வாங்குபவர்களுக்கும் இதே வில்லங்கம்.

டொலருக்குச் சில ரூபா கூடக் கிடைப்பதற்காக எடுக்கும் ஆபத்து இது. வங்கி வழியாகவோ அனுமதி பெற்ற பணவனுப்பல் நிறுவனம் வழியாகவோ வந்தால், காசு எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் இருக்கும்.

காசு போன பின்: முதல் மணித்தியாலம்

1. வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். இலக்கத்தை அட்டையின் பின்புறம் பாருங்கள். கூகிளில் தேட வேண்டாம், போலி உதவி இலக்கங்கள் அங்கே கிடக்கின்றன. "பெற்ற வங்கிக்கு அறிவித்து அந்தக் கணக்கில் மிச்சமிருப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்" என்று தெளிவாகக் கேட்டு, முறைப்பாட்டு இலக்கத்தையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். காசு அடுத்த கணக்குக்குத் தாவ முன்பு இது நடந்தால் மட்டுமே பலன்.

2. உரையாடலை அழிக்காதீர்கள். வெட்கத்தில் முதலில் அதை அழிப்பவர்கள் உண்டு. இலக்கம், கணக்கு விபரம், பரிமாற்றப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

3. அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. தமிழிலேயே பதியக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாசித்துப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள். "காசு தொலைந்தது" என்று எழுதினால் போதாது. எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு, என்ன பொய் சொல்லி என்பது இருக்க வேண்டும். தொகை பெரிதானால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கும் கொடுக்கலாம்.

4. பேஸ்புக், வட்ஸ்அப் கணக்குப் பறிபோனதென்றால் இலங்கை சேர்ட் எனப்படும் அரச இணையப் பாதுகாப்பு அமைப்பின் 101. அவர்கள் தொழில்நுட்ப உதவி செய்வார்கள். காசை மீட்டுத் தருவது அவர்கள் வேலை அல்ல.

5. வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு. பதில் திருப்தி தராவிட்டால் மத்திய வங்கியின் 1935. 2023ஆம் ஆண்டின் 01ஆம் இலக்க நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வந்தபின், முறைப்பாட்டை முறையாகக் கையாள்வது நிதி நிறுவனங்களின் கடமை.

6. சில நாளில் "இழந்த காசை மீட்டுத் தருகிறோம்" என்று ஒருவர் வருவார். வழக்கறிஞர் என்பார், ஹக்கர் என்பார், பொலிஸ் அதிகாரி என்றும் சொல்லுவார். முன்கட்டணம் கேட்பார். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறும் சரக்கு.

உங்கள் கணக்கு முடக்கப்பட்டிருந்தால்

ஒரு நாள் அட்டை வேலை செய்யாது. கிளையில் கேட்டால் "விசாரணை இருக்குது" என்பார்கள். சட்டப்படி முடக்கல் உத்தரவு முதலில் 7 நாளுக்கு. மேல் நீதிமன்ற அனுமதியோடு நீடிக்கலாம். இந்நிலையில் மூன்று விடயங்கள் முக்கியம்.

1. யாரோ அழைத்து "வந்த காசைத் திருப்பி இந்தக் கணக்குக்குப் போட்டுவிடு, பிரச்சினை முடியும்" என்றால் போடாதீர்கள். அந்தக் கணக்கு இன்னோர் இரவல் கணக்காக இருந்தால், நீங்கள் இரண்டாம் தரம் காசைக் கடத்தியவர் ஆவீர்கள். திருப்பிக் கொடுப்பதானால் வங்கி வழியாக, எழுத்தில்.

2. அந்தத் தொகை ஏன் வந்தது என்பதற்கான தாளைத் திரட்டுங்கள்: பொருள் விற்ற பற்றுச்சீட்டு, வெளிநாட்டில் உறவினர் காசு கொடுத்ததற்கான பதிவு, வேலை தந்ததாகச் சொன்னவர்களோடு நடந்த முழு உரையாடல்.

3. அட்டையையோ சிம்மையோ வேறொருவரிடம் கொடுத்திருந்தால், வாக்குமூலம் கொடுக்கப் போவதற்கு முன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். உங்கள் பெயரில் எடுத்து வேறொருவர் கையில் இருக்கும் சிம் இலக்கங்களை அதே நாளில் தொலைபேசி நிறுவனத்தில் நிறுத்திவிடுங்கள்.